கணக்கில் வராத நோயாளர்கள்

லாச்சப்பல் மெத்ரோ நிலையத்தில் இறங்கும் எவருக்கும், தான் நிற்பது பாரிஸ் மாநகரமா, யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவா என்ற ஐயம் ஒரு கணம் எழுவது இயல்பு. நகைக்கடை, புடைவைக்கடை, மரக்கறிக்கடை, பயண முகவரகம் என்று நாற்பது ஆண்டுகளில் ஈழத்தமிழர் கட்டியெழுப்பிய உலகம் அது. அங்கிருந்து சில நிமிட நடைதூரத்தில், கார் து நோர் தொடருந்து நிலையத்தின் அருகே, லாரிபுவாசியேர் மருத்துவமனை நிற்கின்றது. 1832இல் பாரிஸ் நகரைக் கொலரா நோய் சூறையாடியதன் பின்னர், நகரின் வடபகுதி ஏழைகளையும் மனத்திற்கொண்டு திட்டமிடப்பட்டு, 1854இல் திறக்கப்பட்ட மருத்துவமனை அது. தனது செல்வத்தை நகருக்கு எழுதிவைத்த ஒரு சீமாட்டியின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. லாச்சப்பலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் தமிழர் ஒருவரை அவசர ஊர்தி ஏற்றிச் செல்லக்கூடிய மிக அண்மைய இடமும் அதுவே.

பிரான்சின் மருத்துவக் காப்புறுதி முறைமை உலகின் சிறந்தவற்றுள் ஒன்று என்பதை மறுப்பது நன்றி மறந்த செயலாகும். போர் துரத்த, கையில் ஒன்றுமின்றி வந்திறங்கிய மக்களுக்கு இருதய அறுவைச் சிகிச்சையும், சிறுநீரகச் சுத்திகரிப்பும், பிள்ளைப்பேறும் வீடு வாசலை விற்காமலே இங்கு கிடைத்தன, கிடைக்கின்றன. ஆயினும் மருத்துவமனையின் கதவு திறந்திருப்பது ஒன்று. உள்ளே சென்றவரின் சொல் மருத்துவரின் செவியில் ஏறுவது வேறொன்று. முதலாவதைச் சட்டம் பெருமளவு உறுதிசெய்துள்ளது. இரண்டாவதை உறுதிசெய்ய இன்னும் நீண்ட தூரம் செல்லவேண்டியுள்ளது. மருத்துவத்தில் இனப் பாகுபாடு என்றவுடன் வசைச்சொல்லையும் வெளிப்படையான வெறுப்பையும் தேடுவோர் பெரும்பாலும் வெறுங்கையுடனேயே திரும்புவர். அது நிகழ்வது வேறு வழிகளில்: நம்பப்படாத வலியில், மொழிபெயர்க்கப்படாத சொல்லில், கொடுக்கப்படாத சந்திப்பு நேரத்தில், எண்ணப்படாத எண்ணிக்கையில்.

2018 டிசம்பரில் லாரிபுவாசியேர் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் 55 வயதுப் பெண் ஒருவர், அங்கு வந்து ஏறத்தாழ 12 மணி நேரத்தின் பின்னர் இறந்து கிடக்கக் காணப்பட்டார். அவரது பெயர் அழைக்கப்பட்டது; பதில் வரவில்லை; வெளியேறிவிட்டார் என்று கருதப்பட்டது. அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். அப்போது பேசப்பட்டவை நெரிசலும் ஆட்பற்றாக்குறையும். அவை மெய்யான காரணங்களே. எனினும் அந்நிகழ்வு ஓர் எளிய வினாவை விட்டுச்சென்றது: பெயர் அழைக்கப்பட்டுப் பதில் வராதபோது என்ன செய்யவேண்டும்? தமிழர்களுக்கு இது சிறு வினாவன்று. பிரெஞ்சுப் பதிவேட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகிவிடுகின்றது. நான்கைந்து அசைகள் நீண்ட அப்பெயர், தாதியின் நாவில் பாதியாக முறிந்து வெளிவருகின்றது. காத்திருப்போர் மண்டபத்தில் காய்ச்சலோடு அமர்ந்திருக்கும் முதியவர், மறைந்துபோன தன் தகப்பனாரை எவரோ அழைக்கிறார் என்றுகூட அறியாமல் இருந்துவிடுகின்றார். அங்கு எவருடைய உள்ளத்திலும் வெறுப்பு இல்லாமலிருக்கலாம். ஆனால் அவரது முறை கடந்துபோய்விடுகின்றது.

குரல் கேட்கப்பட்டும் நம்பப்படாமற் போனதற்குச் சான்றாக பிரான்ஸ் முழுவதையும் உலுக்கிய நிகழ்வு நவோமி முசெங்காவின் சாவு. 2017 டிசம்பர் 29ஆம் நாள், ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் வாழ்ந்த, கொங்கோவைப் பூர்வீகமாகக் கொண்ட 22 வயதான இந்த இளந்தாய், தாங்கவியலா வயிற்றுவலியுடன் அவசர மருத்துவ சேவையை அழைத்தார். நலிந்த குரலில் அவர் உதவி கேட்க, எல்லோரும் ஒருநாள் சாகத்தானே வேண்டும் என்னும் பொருள்பட மறுமுனை விடையளித்தது. பல மணி நேரம் கழித்தே அவர் மருத்துவமனையைச் சென்றடைந்தார், அன்றே உயிரிழந்தார். அழைப்பின் ஒலிப்பதிவு 2018 வசந்தகாலத்தில் வெளியானபோதுதான் நாடு இதனை அறிந்தது. அழைப்பை ஏற்ற பணியாளருக்கு 2024 யூலையில் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் 12 மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. ஆபத்திலிருப்பவருக்கு உதவாமை என்பதே அங்கு குற்றச்சாட்டு, நிறவெறி அன்று. ஆயினும் அந்நிகழ்வின் பின்னர் பிரெஞ்சு மருத்துவ உலகில் நெடுங்காலமாக முணுமுணுக்கப்பட்டு வந்த ஒரு சொற்றொடர் வெளிச்சத்துக்கு வந்தது. அதுதான் 'மத்தியதரைக்கடல் நோய்க்குறி'. அப்படியொரு நோய் எந்த மருத்துவ நூலிலும் இல்லை. வட ஆபிரிக்கரும், கறுப்பினத்தவரும், தெற்கிலிருந்து வந்த பிறரும் வலியை மிகைப்படுத்துவர் என்ற முன்முடிவுக்கு மருத்துவமனைத் தாழ்வாரங்களில் சூட்டப்பட்ட பெயரே அது.

இம்முன்முடிவு நேற்று முளைத்ததன்று. மார்த்தினிக் தீவில் பிறந்து லியோன் நகரில் மருத்துவம் பயின்ற பிரான்ஸ் பனோன், 1952இல் 'எஸ்பிரி' இதழில் எழுதிய 'வட ஆபிரிக்க நோய்க்குறி' என்னும் கட்டுரையில் இதனையே பேசினார். வலி எங்கே என்று சுட்டிக்காட்ட இயலாத தொழிலாளியை, மருத்துவர் பரிசோதிக்கும் முன்னரே பொய்யன் என்று முடிவுகட்டிவிடுகிறார் என்பது அவரது குற்றச்சாட்டு. அதற்கும் முன்னர், 1935இல், பாரிஸ் பகுதியில் வாழ்ந்த வட ஆபிரிக்க முஸ்லிம்களுக்கென்று பொபினியில் தனி மருத்துவமனையே திறக்கப்பட்டது. பரிவு என்ற பெயரில் அமைந்த அவ்வேற்பாட்டின் பின்னால் அம்மக்களைக் கண்காணிக்கும் காவல்துறையின் கையும் இருந்தது. 1978இல் அம்மருத்துவமனை அவிசென் என்று பெயர் மாற்றம் பெற்றது. மறு ஆண்டில் அங்கேயே, நோயாளியின் பண்பாட்டையும் தாய்மொழியையும் சிகிச்சையின் பகுதியாகக் கொள்ளும் உளமருத்துவ முறைக்கு வித்திடப்பட்டது. பிரித்து வைப்பதற்காகக் கட்டப்பட்ட இடம், செவிமடுப்பதற்குக் கற்றுக்கொடுத்த இடமாக மாறியது. நிறுவனங்கள் மாறக்கூடியவை என்பதற்கு அவிசென் ஒரு நற்சான்று.

முன்முடிவு தனிமனிதரின் தீயகுணமன்று, பழக்கத்தின் விளைவு என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. பிரெஞ்சு ஆய்வாளர்கள் நடத்தி, 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பிய அவசர மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வொன்றில், அவசர சிகிச்சைப் பிரிவுகளின் மருத்துவரும் தாதியரும் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் பங்குகொண்டனர். நெஞ்சுவலியோடு வந்த நோயாளர் ஒருவரின் விபரம் அனைவருக்கும் ஒரேவிதமாகக் கொடுக்கப்பட்டது. இணைக்கப்பட்ட முகப்படம் மட்டும் மாறியது. வெள்ளையரின் படத்தைக் கண்டோரில் 58 வீதத்தினர் இது உயிராபத்தான நிலை என்று கணித்தனர். கறுப்பினத்தவரின் படத்தைக் கண்டோரில் 47 வீதத்தினரே அவ்வாறு கணித்தனர். ஆணின் படத்துக்கு 62 வீதம். பெண்ணின் படத்துக்கு 49 வீதம். ஒரே வலி, ஒரே வரலாறு, வேறு முகம், வேறு முடிவு.

மனிதர் தவறினும் கருவி தவறாது என்று எண்ணுவோரும் உளர். விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசன் அளவைக் காட்டும் ஒக்சிமீற்றர், செவ்வொளியையும் அகச்சிவப்பொளியையும் தோலினூடாகச் செலுத்தி, உறிஞ்சப்படும் ஒளியைக்கொண்டு அளவைக் கணிக்கின்றது. கருந்தோலின் நிறமி அக்கணிப்பில் குறுக்கிடுகின்றது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வின்படி, இரத்தத்தில் ஒட்சிசன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விடுவது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளரில் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. கருவியை வடிவமைத்தவர் எவரும் பகைமையால் அவ்வாறு செய்யவில்லை. யாரை மாதிரியாக வைத்து அதனைச் சோதித்தனர் என்பதே வினா. மாதிரியில் இல்லாதவர் முடிவிலும் இல்லாமற் போகின்றார்.

தமிழருக்கு இந்தச் சிக்கல்கள் அனைத்தும் மொழி என்னும் வாசலிலேயே தொடங்கிவிடுகின்றன. "நெஞ்சு எரியுது" என்று ஒரு தாய் சொல்கிறார். பிரெஞ்சில் அது சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்படும்போது இரைப்பைப் புளிப்பாகிவிடலாம். அவர் சொல்ல முற்பட்டது மாரடைப்பின் முன்னறிகுறியாக இருக்கலாம். "கை விறைக்குது" என்பது குளிரில் மரத்துப்போதலையும் குறிக்கும். உணர்விழந்து போதலையும் குறிக்கும். பின்னது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கையில் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதி மிக்கது. "உடம்பெல்லாம் உளைவு", "வயிறு பிரட்டுது", "தலைக்குள்ள ஏதோ ஓடுது" என்பவற்றை எந்த அகராதியும் மருத்துவரின் மேசைக்குக் கொண்டுவந்து சேர்க்காது. சொன்னவர் தெளிவாகவே சொல்கிறார். கேட்பவருக்கு அது குழப்பமாகத் தோன்றுகின்றது. குழப்பமாகப் பேசுபவர் மிகைப்படுத்துபவர் என்ற பழைய முடிவு மீண்டும் அங்கு வந்து அமர்ந்துகொள்கின்றது.

இந்த இடைவெளியை நிரப்ப எத்தனையோ இல்லங்களில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லப்படுகின்றது. பிரெஞ்சில் கணக்கும் வரலாறும் படிக்கும் அப்பிள்ளைக்கு, கருப்பை, மாதவிடாய், மலச்சிக்கல் என்பவற்றுக்குத் தமிழும் தெரியாது. பிரெஞ்சும் முழுமையாகத் தெரியாது. தாய், மகன் முன்னிலையில் தன் நோயை மறைக்கிறார்; புற்றுநோய் என்ற சொல்லை மகள் தாயிடம் சொல்லாமல் விழுங்குகிறாள். மருத்துவர் தன் கடமை முடிந்தது என்று எண்ணுகிறார். சிறையும் சித்திரவதையும் கண்டு வந்த ஒருவர், 2009 முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்து வந்த ஒருவர், தன் உறக்கமின்மைக்கான காரணத்தைத் தன் பிள்ளையின் வாயினூடாக எவ்வாறு சொல்லுவார்? வேற்றுத் தமிழர் ஒருவரை அழைக்கவும் தயக்கம். ஊரில் கதை பரவிவிடும் என்ற அச்சம் பொய்யானதன்று. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை மருத்துவரைப் போலவே இரகசியம் காக்கும் கடப்பாடு கட்டுப்படுத்துகின்றது என்பதைச் சமூகத்திற்கு எவரும் போதிய அளவு எடுத்துச் சொல்லவில்லை.

உதவி இல்லாமலில்லை. 2016 யனவரி 26இன் சுகாதாரச் சட்டம், மருத்துவத்தில் மொழிபெயர்ப்பையும் சுகாதார இடையீட்டையும் முதன்முறையாகச் சட்டத்தின் ஏட்டில் சேர்த்தது. 2017 ஒக்டோபரில் சுகாதார உயர் அதிகாரசபை அதற்கான நடைமுறை வழிகாட்டலை வெளியிட்டது. பாரிஸில் இயங்கும் மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் தொலைபேசி மூலமும் இச்சேவையை வழங்குகின்றன. 1979இல் தொடங்கி, பிசேத்ர் மருத்துவமனையில் அகதிகளுக்குச் சிகிச்சை அளித்துவரும் கொமேத் அமைப்பு, நோயாளரின் உரிமைகளை விளக்கும் இருமொழிக் கையேட்டைத் தமிழிலும் வெளியிட்டது. ஆனால் சட்டம் மொழிபெயர்ப்பை ஊக்குவிக்கின்றதே ஒழிய, ஒவ்வொரு மருத்துவரும் அதனை வழங்கியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. செலவு மருத்துவமனையின் வரவுசெலவுத் திட்டத்தில் விழுகின்றது. பத்து நிமிடச் சந்திப்பில் தொலைபேசியை எடுக்க மருத்துவருக்கு நேரமில்லை. "கூட வந்தவர் யாராவது பேசுவாரா?" என்ற வினாவோடு உரிமை முடிந்துவிடுகின்றது.

சந்திப்பு நேரம் கிடைத்தவரின் நிலை இது. கிடைக்காதவரின் நிலை என்ன? 2019 ஒக்டோபரில் உரிமைகள் பாதுகாவலர் அலுவலகம் வெளியிட்ட சோதனை ஆய்வு, ஏறத்தாழ 1,500 தனியார் மருத்துவ நிலையங்களைத் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தது. வறியோருக்கான காப்புறுதி கொண்டவர் என்று தெரிந்ததும் பாகுபாடாக நடந்துகொண்டவை பல் மருத்துவரிடையே 9 வீதம், மகளிர் மருத்துவரிடையே 11 வீதம், உளமருத்துவரிடையே 15 வீதம். 2023இல் வெளியான இன்னும் பெரிய சோதனை, உரிய வதிவிடப் பத்திரம் இல்லாதோருக்கான அரச மருத்துவ உதவியைக் கொண்டவர்களின் நிலையை அளந்தது. பிறரோடு ஒப்பிடுகையில் பொதுமருத்துவரிடம் சந்திப்பு நேரம் பெறும் வாய்ப்பு அவர்களுக்கு 14 முதல் 36 வீதம் வரை குறைவு. கண் மருத்துவரிடம் 19 முதல் 37 வீதம் வரை குறைவு. சட்டப்படி இவ்வாறு மறுப்பது குற்றம். மறுப்போர் பலரும் தோல் நிறத்தைப் பார்த்தல்ல, கட்டணம் கிடைப்பதில் தாமதமாகும் என்ற கணக்கைப் பார்த்தே மறுக்கின்றனர் எனலாம். ஆனால் அந்த அட்டையை வைத்திருப்பவர்கள் யார்? உணவகத்தின் நிலக்கீழ்ச் சமையலறையில் நள்ளிரவுவரை கோப்பை கழுவுபவரும், தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவரும்தான். காரணம் பணமாயினும் அடி விழுவது ஒரே முதுகில்.

இந்த அரச மருத்துவ உதவி 1999 யூலையில் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாக 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் அது அரசியற் பந்தாக உதைபட்டு வருகின்றது. 2023 நவம்பரில் செனற் சபை இதனை வெறும் அவசர சிகிச்சை உதவியாகச் சுருக்க வாக்களித்தது. இறுதியாக 2024 யனவரியில் நிறைவேறிய குடிவரவுச் சட்டத்தில் அம்மாற்றம் இடம்பெறவில்லை. இலவச மருத்துவமே குடியேற்றவாசிகளைக் கவர்ந்திழுக்கின்றது என்பது எதிர்ப்பாளரின் வாதம். 2019இல் வெளியான ஆய்வோ, உரித்துடையோருள் 51 வீதத்தினர் மட்டுமே இவ்வுதவியைப் பெற்றிருந்தனர் என்று கண்டறிந்தது. மருத்துவத்தைத் தேடியே வந்ததாகக் குற்றஞ்சாட்டப்படும் மக்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு அவ்வுதவி சென்றடையவேயில்லை.

இவ்வளவும் வேறுபடுத்தி நடத்துவதால் வரும் கேடு. எல்லோரையும் ஒரேவிதமாக நடத்துவதாலும் கேடு வரும் என்பதற்குக் கர்ப்பகால நீரிழிவு தக்க எடுத்துக்காட்டு. தெற்காசியரை நீரிழிவு இளம் வயதிலேயே, மெலிந்த உடலிலேயே பற்றுகின்றது என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. 2013இல் பிரித்தானியாவின் வழிகாட்டல் நிறுவனம், தெற்காசியருக்கு உடல் நிறைச் சுட்டெண் 23ஐத் தாண்டும்போதே விழிப்புடன் இருக்கவேண்டும் என்று வரையறுத்தது. பொதுவான எல்லையோ 25. கர்ப்பகால நீரிழிவைச் சோதிக்கவேண்டியவர் பட்டியலில், அந்நோய் மிகுந்த இனப் பின்னணியையும் பிரித்தானியா சேர்த்துள்ளது. பிரான்சில் 2010ஆம் ஆண்டின் மகப்பேற்று மருத்துவ வழிகாட்டல் நான்கு வகையினரையே குறித்தது: 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர், உடல் நிறைச் சுட்டெண் 25உம் அதற்கு மேலும் உள்ளவர், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு நீரிழிவு உள்ளவர், முந்தைய பேற்றில் நீரிழிவோ மிகுந்த எடையுள்ள குழந்தையோ கண்டவர்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த 28 வயதுப் பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். இது அவரது முதற் பேறு, மெலிந்த உடல். தாய் தந்தையருக்கு நீரிழிவு உண்டா என்றால், போர்க்காலத்தில் எவரும் இரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை. ஆகவே "இல்லை" என்பதே விடை. நான்கு கட்டங்களிலும் அவருக்குப் புள்ளடி விழாது. இலண்டனில் வாழும் அவரது தங்கைக்குச் சோதனை நடக்கும்; பாரிஸில் வாழும் அவருக்கு நடக்காமற் போகலாம். சில மகப்பேற்று நிலையங்கள் கர்ப்பிணிகள் அனைவரையும் சோதிக்கின்றன என்பது உண்மை. ஆனால் ஒருவரின் நலம் அவர் எந்த வாசலில் நுழைந்தார் என்பதைப் பொறுத்திருக்கலாகாது.

ஏன் இந்த வேறுபாடு? பிரித்தானியா எண்ணுகின்றது, பிரான்ஸ் எண்ணுவதில்லை. 1978 யனவரியின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இனம் சார்ந்த தகவல்களைத் திரட்டுவதைக் கடும் விதிவிலக்குகளுடன் தடைசெய்தது. 2007 நவம்பர் 15இல் அரசியலமைப்புச் சபை, இன அடிப்படையிலான வகைப்பாடு குடியரசின் சமத்துவக் கொள்கைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. இதன் பின்னால் ஒரு பெருங்காயம் உண்டு. 1940 ஒக்டோபரில் யூதர்களைப் பதிவுசெய்து காவல்துறை தயாரித்த பட்டியலே, 1942 யூலையில் அவர்களை வீடு வீடாகப் பிடித்துச் செல்லப் பயன்பட்டது. இன்று தமிழ்க் குடும்பங்களும் வாழும் திரான்சி நகரின் முகாமிலிருந்தே பல்லாயிரவர் கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டனர். பட்டியலின் கொடுமையை ஈழத்தமிழருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 1983 கறுப்பு யூலையில் காடையர் கும்பல்கள் கொழும்பில் தமிழர் வீடுகளை இனங்கண்டது வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான். ஆகவே பிரான்சின் அச்சத்தைப் பழித்துப் பேசுவது தமிழருக்குத் தகாது.

எனினும் பெயர்ப் பட்டியல் வேறு. பெயரற்ற புள்ளிவிபரம் வேறு. பிறந்த நாட்டைக் கேட்க பிரெஞ்சுச் சட்டம் இடமளிக்கின்றது. அதனைக் கேட்டபோது வெளிவந்த உண்மை நடுங்க வைப்பது. கொரோனாவின் முதல் அலையில், 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் நிகழ்ந்த சாவுகளைத் தேசியப் புள்ளிவிபர நிறுவனமாகிய இன்சே முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டது. பிரான்சில் பிறந்தோரிடையே சாவுகள் 22 வீதத்தால் அதிகரித்திருந்தன. வெளிநாட்டில் பிறந்தோரிடையே 48 வீதம். ஆசியாவில் பிறந்தோரிடையே 91 வீதம். மக்ரெப் நாடுகள் தவிர்ந்த ஆபிரிக்காவில் பிறந்தோரிடையே 114 வீதம். இதற்கு மருத்துவமனை மட்டும் காரணமன்று. நெருக்கமான குடியிருப்பு, வீட்டிலிருந்து செய்யவியலாத தொழில், நீண்ட தொடருந்துப் பயணம், முன்பே இருந்த நீரிழிவு எல்லாம் சேர்ந்த சாவுகள் அவை. இந்த 91 வீதத்தினுள் தமிழர் எத்தனை பேர் என்பது அந்த எண்ணிக்கையில் தெரியாது. ஊரடங்கின்போது நால்வர் மட்டும் கூடிய இறுதிச் சடங்குகளை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் மட்டுமே அதனை அறியும்.

எண்ணினால் என்ன பயன் என்பதற்கும் பிரித்தானியாவே சான்று. 2021இல் அங்கு வெளியான மகப்பேற்றுச் சாவு அறிக்கை, வெள்ளையரோடு ஒப்பிடுகையில் கறுப்பினத் தாய்மார் இறக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல், ஆசியத் தாய்மார் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று கூறியது. எண்ணிக்கை கையில் இருந்தமையால் அது நாடாளுமன்றத்தில் விவாதமாயிற்று. எண்ணியதால் மட்டும் ஏற்றத்தாழ்வு ஒழிந்துவிடவில்லை. ஆனால் அப்படியொன்று இல்லை என்று சொல்ல எவராலும் முடியாமற் போனது. பிரான்சிலும் சகாராவுக்குத் தெற்கே பிறந்த தாய்மார் பேற்றின்போது இறக்கும் ஆபத்து பிரான்சில் பிறந்தோரைவிட இரு மடங்குக்கு மேல் என்பது, பிறந்த நாட்டைக் கேட்டதால்தான் தெரியவந்தது. பிறந்த நாட்டோடு, வீட்டில் பேசும் மொழியையும், மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டாரா, வழங்கப்பட்டாரா என்பதையும் மருத்துவமனைகள் பெயரின்றிப் பதிவுசெய்யுமாயின், எவருடைய வீட்டுக் கதவிலும் அடையாளமிடாமல் ஏற்றத்தாழ்வை அளந்துவிடலாம். பிரெஞ்சு அரசிடம் தமிழ் அமைப்புகள் முன்வைக்கவேண்டிய முதற் கோரிக்கை இதுவே. மொழிபெயர்ப்புச் செலவைத் தனித்தனி மருத்துவமனைகளின் தலையில் கட்டாமல் தேசிய மருத்துவக் காப்புறுதி ஏற்கவேண்டும் என்பது இரண்டாவது. கர்ப்பகால நீரிழிவுச் சோதனையை எல்லா மகப்பேற்று நிலையங்களும் கர்ப்பிணிகள் அனைவருக்கும் நடத்தவேண்டும் என்பது மூன்றாவது. இதற்கு எவரது இனத்தையும் கேட்கவேண்டியதில்லை.

அரசிடம் கோருவதோடு சமூகத்தின் கடமை முடிந்துவிடாது. சந்திப்பு நேரம் பெறும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுப் பதிவுசெய்யவேண்டும். சென்ற பின்னர் கேட்பதில் பயன் குறைவு. பிள்ளைகளை அச்சுமையிலிருந்து விடுவிக்கவேண்டும். மறுக்கப்பட்டவர் மனம் நொந்து வீடு திரும்பிவிடாமல், நாள், நேரம், நிலையத்தின் பெயர், சொல்லப்பட்ட காரணம் என்பவற்றைக் குறித்துவைக்கவேண்டும். 2020 ஒக்டோபரில் வெளியான ஆணையின்படி, பாகுபாடான சிகிச்சை மறுப்புக்கு எதிராக உள்ளூர் மருத்துவக் காப்புறுதி நிலையத்திடமோ மருத்துவர் சங்கத்திடமோ முறையிடலாம். மூன்று மாதங்களுக்குள் சமரசச் சந்திப்பு நடத்தப்படவேண்டும். உரிமைகள் பாதுகாவலர் அலுவலகம் 2021 பெப்ரவரியில் தொடக்கிய 39 28 என்ற இலக்கத்திலும் பாகுபாட்டை அறிவிக்கலாம். மருத்துவமனைக்குள் நேர்ந்த குறையை அங்குள்ள பயனாளர் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கொடுக்கலாம். 2002 மார்ச் 4இன் சட்டப்படி, தன் மருத்துவக் கோப்பைக் கேட்கும் நோயாளிக்கு அது எட்டு நாட்களுக்குள் கிடைக்கவேண்டும். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட கோப்பாயின் இரண்டு மாதங்களுக்குள். வதிவிடப் பத்திரமோ காப்புறுதியோ இல்லாதவருக்கு, 1998ஆம் ஆண்டின் சட்டப்படி அரச மருத்துவமனைகளில் அமைக்கப்பட்ட மருத்துவ அணுகல் நிலையங்கள் உள்ளன. லாரிபுவாசியேரிலும் ஒன்று உண்டு. இவற்றைக் கேட்பது கையேந்துவதன்று. சட்டம் தந்ததைப் பெறுவது.

முறையிட்டு என்ன பயன் என்று சலித்துக்கொள்வோர் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். பிரான்சில் நடத்தப்பட்ட தேசிய அளவிலான கணக்கெடுப்பொன்றை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, மருத்துவத்தில் ஒருமுறை பாகுபாட்டைச் சந்தித்தவர்கள் அதன் பின்னர் சிகிச்சையையே தவிர்த்துவிடும் போக்குடையவர்கள் என்று காட்டியது. மௌனம் அவமானத்தோடு நின்றுவிடுவதில்லை. கவனிக்கப்படாத நோயாக வளர்ந்து, ஈற்றில் அவசர ஊர்தியில் வந்து சேர்கின்றது.

தமிழ்ச்சோலைகளும் ஆலயங்களும் ஊர்ச்சங்கங்களும் பெருந்திரளாக மக்களை ஒன்றுகூட்டும் ஆற்றல் பெற்றவை. ஒவ்வோர் ஆண்டும் கோடையின் இறுதியில் லாச்சப்பல் வீதிகளில் பிள்ளையார் தேர் இழுக்கப்படுகையில் கூடும் மக்களுக்கு, தமிழில் அச்சிட்ட ஒரு பக்க உரிமைக் குறிப்பையும் குருதிச் சீனிச் சோதனையையும் வழங்குவது பெருஞ்செலவன்று. இங்கு பிறந்து மருத்துவமும், தாதியியலும், சட்டமும், புள்ளியியலும் படித்து வெளியேறும் தலைமுறை, தன் பெற்றோருக்குத் தனித்தனியே மொழிபெயர்த்த அனுபவத்தை ஒழுங்கமைக்கப்பட்ட சேவையாக மாற்ற முன்வரவேண்டும். இன்னுமொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். தன் வலியை நம்பவில்லை என்று முறையிடும் சமூகம், அதே காத்திருப்போர் மண்டபத்தில் அருகில் அமர்ந்திருக்கும் ஆபிரிக்கரை இழிசொல்லால் குறிப்பிடும் பழக்கத்தைக் கைவிடவேண்டும். நவோமி முசெங்காவின் குரலை நம்ப மறுத்த அதே செவிதான் தமிழ்த் தாயின் "நெஞ்சு எரியுது" என்ற சொல்லையும் கேட்காமல் விடுகின்றது. இந்த வழக்கில் வாதிகள் ஒரு பக்கமே நிற்கின்றனர்.

பிரான்ஸ் தமிழருக்கு வாழ்வளித்த நாடு. அந்நாட்டின் பொது மண்டபங்களின் முகப்புகளில் பொறிக்கப்பட்டுள்ள சமத்துவம் என்ற சொல்லை அதன் முழுப்பொருளில் கேட்பது, அந்நாட்டுக்குச் செய்யும் குறையன்று. அதன்மீது வைக்கும் நம்பிக்கை. தமிழ் நோயாளர் கேட்பது தனிச்சலுகையன்று. தம் பெயர் சரியாக அழைக்கப்படவேண்டும். தம் வலி தம் மொழியில் கேட்கப்படவேண்டும். தம் சாவும் தம் நலமும் கணக்கில் சேரவேண்டும். இம்மூன்றும் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது புலம்பெயர் தமிழ்ச் சமூகத்தின் கடன்.